படங்கை அவிழ்த்தபோது தெரிந்த பள்ளிக்கூடம்

அன்புள்ள மகனுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நம் லயத்து வரிசை வீட்டு வாசலில் கோழிகளை வரிசையாக நிறுத்தி, கரித்துண்டால் கதவில் எழுதிப் பாடம் நடத்தினாய். ஒரு சேவல் எழுந்து போகப் பார்த்தது. "எங்க போற? கேட்டுட்டுப் போ" என்று நீ ஒரு அதட்டல் போட்டாய் பார், அது திரும்பி வந்து காலை மடக்கி உட்கார்ந்தது. அன்றைக்கே உன் சித்தியிடம் சொன்னேன், இவன் இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே ஒரு நாள் அதிபராக வருவான் என்று. அவள் நம்பவில்லை. நான் சொல்வது எதையும் முதல் தடவையில் நம்புவதில்லை என்று அவள் கல்யாணத்தன்றே முடிவெடுத்துவிட்டாள். இப்போது என்ன ஆயிற்று? ஹட்டனில் பெரிய பாடசாலையில் நிம்மதியாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் உன்னைக் கூப்பிட்டு, "உங்கள் தோட்டத்துப் பாடசாலையைப் பொறுப்பெடுக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சித்தப்பா, பள்ளிக்கூடத்துல என்ன நல்லா இருக்கு, எதத் திருத்தணும், அத மட்டும் உள்ளபடி எழுதி அனுப்புங்க. பேசுனா நீங்க பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போவீங்க." எழுதினால் ஏறாது என்று உனக்கு யார் சொன்னது? நான் ஐந்தாம் வகுப்புப் பாதியில் நின்றவன்தான். ஆனால் அந்தப் பாதியை நான் படித்த மாதிரி முழுசாகப் படித்தவர்கள்கூடப் படிக்கவில்லை. உன்னைப் பெற்றது என் அண்ணன். அவர் உன் மூன்றாவது வயதில் கண்ணை மூடிய பிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தது நான். அந்த உரிமையில் எழுதுகிறேன். பகிரங்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி உனக்கு மட்டும் வந்ததில்லை. இங்கே படித்து டவுனுக்குப் போன நம் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு நாள் வரும்.

முதலில் விஷயம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது அதிபராக இருக்கும் பெரிய டீச்சர் இந்த வருஷக் கடைசியோடு யாழ்ப்பாணத்துக்குப் போகிறார். இங்கே வந்தபோது கறுப்புத் தலையோடு வந்தவர், வெள்ளைத் தலையோடு போகிறார். அவர் இடத்துக்கு யாரும் வராவிட்டால் நம் பிள்ளைகளைக் கீழே பெரிய ரோட்டுப் பாடசாலையோடு சேர்த்துவிடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஃபெக்டரியைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, லொறிகள் வரும் வளைவில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். இது ஒரு பக்கம். மறு பக்கத்தில் உன் பாப்பா இருக்கிறாள். வருகிற தையில் அவளுக்குத் தரம் ஒன்று, முதல் வகுப்பு. மருமகள் எத்தனை தடவை ஏறி இறங்கி ஹட்டன் பாடசாலையில் அந்த இடத்தை வாங்கினாள் என்று எனக்குத் தெரியும். நீ இங்கே அதிபராக வந்து உன் பிள்ளையை அங்கே அனுப்பினால், லயத்தில் ஒருவரும் உன்னை நேரே கேட்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் உனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கும் வரவில்லை, ஆனால் அது சித்தியின் குறட்டையால் என்று வெளியே சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். போன மாதம் மதிப்பீடு செய்ய மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இந்தப் பாடசாலையின் பலம் என்ன, மேம்படுத்த வேண்டியது என்ன என்று பார்த்து எழுதிக்கொண்டு போவது அவர்கள் வேலை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நான் வெறும் உறுப்பினர் என்றுதான் பேர். ஆனால் நான் இருமினால்தான் அங்கே கூட்டம் ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட நான் சும்மா இருப்பேனா?

நம் மண்டபத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நீளமான ஒரே கூரை, அதன் கீழே ஐந்து வகுப்பு, நடுவில் ஒரு சுவர் கிடையாது. ஒரு மூலையில் கூட்டல், இன்னொரு மூலையில் தேவாரம், நடுவில் யாரோ ஒரு பிள்ளை அழும். டவுன் பாடசாலையில் வகுப்புக்கு வகுப்பு சுவரும் கதவும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வருகிறவர்கள் இதைப் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை வரும்போது நான் கொழும்பில் பிறந்திருக்க வேண்டியவன் என்று எனக்கே தோன்றும்.

கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு இருக்கிறதே, அந்தத் தடித்த ரெட்டுத் துணி, அதைச் சேர்த்துத் தைத்துக் கயிற்றில் தொங்கவிட்டால் சுவர்தானே? முதல் நாள் சாயங்காலம் லயம் லயமாக ஏறினேன். உன்னோடு படித்த கோகிலாதான் முதலில் வாயைத் திறந்தாள். அவளுடைய மூத்த மகள் தரம் நாலு, சின்ன மகன் தரம் இரண்டு.

"மாமா, படங்கக் குடுத்துட்டு நாங்க எதக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறது?"

"ஒரு நாளைக்குத்தானே புள்ள. பள்ளிக்கூடத்து மானம் போவுது."

"மழ வந்தா எங்க மானம் நனையுமே."

"நாளைக்கு மழ வராது. நான் வானத்தப் பாத்துட்டேன்."

"போன தடவயும் இப்புடித்தான் பாத்தீங்க. அன்னிக்கு மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னுச்சு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அதுதான் நம் ஆட்கள், மகன். பள்ளிக்கூடத்துக்கு என்றால் இடுப்பில் கட்டியதையும் அவிழ்த்துக் கொடுப்பார்கள். இதை எந்த மதிப்பீட்டிலும் யாரும் எழுதுவதில்லை.

காலையில் பெரிய டீச்சர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உதென்ன கட்டித் தொங்கவிட்டிருக்கிறியள்?"

"சுவருங்க டீச்சர்."

"சுவரிலை தேயிலைக் கறை இருக்கு."

"தோட்டத்துச் சுவர்னா அப்புடித்தான் இருக்கும்."

"கேட்டால் நீங்கள்தான் மறுமொழி சொல்லவேணும். நான் சொல்ல மாட்டன்" என்று குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். கோபம்தான். ஆனால் கழற்றச் சொல்லவில்லை. நேரம் இல்லை, ஜீப் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

வந்தவர்களில் முக்கியமானவர் உயரமான ஒரு சிங்கள மாத்தயா, நம் பேச்சில் ஐயா. தமிழ் புரியும், பேசக் கொஞ்சம் தடுமாறுவார். நான் அவரோடு சிங்களத்தில் பேசிய பேச்சைக் கேட்டு ஜீப் டிரைவரே என்னைக் கண்டிக்காரன் என்று நினைத்துவிட்டான். முதல் அரை மணி நேரம் எல்லாம் என் கையில் இருந்தது. பிறகு மழை வந்தது. மழை வந்ததுகூடப் பரவாயில்லை. நான் யோசிக்காமல் விட்டது வேறு ஒன்று.

ஐந்து வகுப்புக்கு மூன்று பேர்தானே படிப்பிக்கிறார்கள். மண்டபம் திறந்து கிடந்தபோது ஒரு டீச்சர் தரம் நாலுக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே தரம் இரண்டைப் பார்த்துக்கொள்வார். சந்தேகம் வந்தால் சின்னதுகள் திரும்பிப் பெரியதுகளைப் பார்க்கும், பெரியதுகள் மெல்லச் சொல்லிக்கொடுக்கும். அங்கே பாடம் முன்னாலிருந்து மட்டும் வரவில்லை, பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படங்கு போட்டு மூடிவிட்டேன். மாத்தயா துணியை விலக்கிக்கொண்டு தரம் இரண்டுக்குள் போனார். டீச்சர் இல்லை, இருட்டு, ஈரத் துணியின் வாடை. பிள்ளைகள் கட்டிப்போட்ட ஆடு மாதிரி உட்கார்ந்திருந்தன. கோகிலாவின் மகனிடம் புத்தகத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். அவன் வாயைத் திறந்தான், மூடினான், இடப்பக்கம் திரும்பினான். அங்கே துணி. மாத்தயா எழுத ஆரம்பித்தார். பேனா நிற்காமல் ஓடியது.

அந்த நேரத்தில்தான் கோகிலா வந்தாள். தேத்தண்ணி நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கி, கூடையோடு, தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட. பின்னால் இன்னும் நாலைந்து பேர். நீ கவனித்திருப்பாய், நம் தாய்மார் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியேதான் நிற்பார்கள். துரையின் ஆபீஸ் வாசலில் எப்படி நிற்பார்களோ அப்படி. உள்ளே வாங்க என்று பெரிய டீச்சர் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் பெஞ்சின் ஓரத்தில் பாதி உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் "சரிங்க டீச்சர்" என்று எழுந்துவிடுவார்கள். அன்றைக்கு கோகிலா படியில் நிற்கவில்லை. சேற்றுக் காலோடு நேரே உள்ளே வந்தாள்.

"மாமா, வானத்தப் பாத்தேன்னீங்களே, எங்க பாத்தீங்க? கூரைக்குள்ள இருந்தா?" என்று கேட்டுக்கொண்டே கயிற்றை அவிழ்த்தாள். ஒரு முடிச்சு கழன்றதும் வரிசையாக எல்லாப் படங்கும் தொப்பென்று விழுந்தது. மண்டபம் முழுவதும் வெளிச்சம். பிள்ளைகள் எல்லாம் ஒரே சிரிப்பு. அப்போதுதான் அவள் மாத்தயாவையும், புத்தகத்தோடு முழித்துக்கொண்டு நின்ற மகனையும் பார்த்தாள். சட்டென்று அவள் முகம் மாறியது.

"சார், எம்புள்ளைக்கு வாசிக்கத் தெரியலன்னு எழுதிராதீங்க. இன்னிக்கு மறைச்சுப்புட்டாங்க. அவன் அக்கா அந்தப் பக்கம் இருந்தா வாசிப்பான்."

மாத்தயா பேனாவை நிறுத்தி, "வாசிக்க" என்றார் பையனிடம். அவன் மறுபடி இடப்பக்கம் திரும்பினான். தரம் நாலில் இருந்த அக்கா உதட்டை மட்டும் அசைத்தாள். முதல் சொல்லை அவள் கொடுத்தாள். அடுத்த சொல்லைத் தட்டுத் தடுமாறி இவன் பிடித்தான். மூன்றாவது வரியில் அவளைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். நான் ஒன்றும் சேர்க்கவில்லை, மகன், இது நடந்தது. அங்கே இருந்த யாரிடமும் கேள்.

கோகிலா அதோடு விடவில்லை. "எழுதுறதா இருந்தா கக்கூசுல தண்ணி இல்லன்னு எழுதுங்க சார். எம்பொண்ணு காலையில ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காம வாரா. குடிச்சா மத்தியானம் வரைக்கும் அடக்கணுமேன்னு. அத யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம நாங்க யாருகிட்டயும் சொல்லல."

பெரிய டீச்சர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ பிள்ளை, இருந்து சொல்லுங்கோ. நான் எத்தினை வருஷமாய் எழுதிப்போட்டுக் களைச்சுப்போனன். தாய்மார் ஒருதரும் இண்டைவரைக்கும் வாய் திறக்கேல்லை" என்றார். கோகிலா ஈரத்தோடு அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள். ஓரத்தில் இல்லை, முழுசாக.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பலம் எது என்றால் அந்த மண்டபம்தான். குறை எது என்றாலும் அதே மண்டபம்தான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வளரும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். சத்தத்தில் காது கேட்காமல், கேட்கவும் கூச்சப்பட்டு, சுவரோரம் ஒதுங்கும் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க மூன்று பேரின் கண் போதாது. உட்கார்ந்த பிள்ளைக்கு இடுப்பளவு பலகை போட்டால் சத்தமும் குறையும், பார்வையும் மறையாது என்று நான் ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். உலகத்தில் இதை முதலில் யோசித்தவன் நானாகத்தான் இருக்கும். நீ வேறெங்காவது பார்த்திருந்தால் அவர்கள் என்னைப் பார்த்துச் செய்தது.

வருகிற பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் ஏன் என்று இங்கே அன்றைக்கே தெரிந்துவிடும். எந்த லயம், அதில் எத்தனையாவது காம்பரா, தகப்பன் குடித்திருக்கிறானா, தாய்க்குக் காய்ச்சலா என்று பெரிய டீச்சருக்கு மனப்பாடம். டவுனில் ஒரு பிள்ளை ஒரு வாரம் வராவிட்டாலும் பதிவில் ஒரு கோடுதானே விழும்? ஆனால் தெரிந்து என்ன செய்கிறோம்? தாய் விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓட வேண்டும். கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு வரும் பொறுப்பு மூத்த பெண்ணுக்கு. அவள் வரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். மழை நாளில் அவள் வருவதே இல்லை. பிந்தி வந்ததற்கு வாசலில் நிறுத்தி வைக்கும் வழக்கத்தை நீ வந்தால் முதல் நாளே எடுத்துப்போடு. அந்தப் பிள்ளை அதற்குள் ஒரு வேலை முடித்துவிட்டு வந்திருக்கிறது.

சிங்களம் படிப்பிக்க ஆள் இல்லை. நான் போய்ப் படிப்பிக்கிறேன் என்று சொன்னேன். பெரிய டீச்சர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பொறாமை என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை விஷயம் ஒன்று இருக்கிறது. தேறக்கூடிய இரண்டு மூன்று பேரை மட்டும் முன் பெஞ்சில் வைத்து வருஷம் முழுவதும் உருட்டுகிறார்கள். மற்றவர்கள் ஐந்தாம் வகுப்பிலேயே தங்களைத் தோற்றவர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நீ தேறியபோது உன் படத்தைப் பெரிசாகப் போட்டு வளைவில் பெனர் கட்டியது நான்தான். இந்தத் தோட்டத்தில் முதல் பெனர் அது. அன்றைக்குப் படங்கை மடித்துக்கொண்டே கோகிலா சிரித்தபடி சொன்னாள், "ஒங்க மகன் படத்த அந்த வளைவுல எத்தன மாசம் தொங்கவிட்டீங்க மாமா! நான் அந்தப் பக்கம் பாக்காம நடந்து நடந்தே கழுத்து இப்புடித் திரும்பிப்போச்சு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உள்ளே குத்தியது. அவளும் கெட்டிக்காரிதானே, மகன்? உன் கொப்பியைப் பார்த்து அவள் எழுதவில்லை, அவள் கொப்பியைப் பார்த்து நீதானே எழுதினாய்.

கடைசியாக, மாத்தயா புறப்படும்போது நடந்ததைச் சொல்கிறேன். மழை தூறலாகக் குறைந்திருந்தது. ஜீப் வரைக்கும் நான்தான் குடை பிடித்துக்கொண்டு போனேன், மற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். கதவைப் பிடித்தபடி அவர் என்னிடம் மட்டும் சிங்களத்தில் சொன்னார்: "இந்தப் பாடசாலைக்குக் கட்டடத்தைவிட முக்கியம் ஒரு ஆள். இந்த லயத்தில் பிறந்து, இந்த மண்டபத்தில் படித்த ஒருவர் அதிபராக வந்தால், தன் பிள்ளையையும் இங்கே சேர்த்தால், ஐந்து வருஷத்தில் இது தலைநிமிரும்." கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை வைத்துத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன்.

மருமகளிடம் இதை வாசித்துக் காட்டு. அவள் பயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதே. பாப்பாவுக்கு இங்கே ஆங்கிலம் குறையும், சிநேகிதிகள் குறைவார்கள், மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறும். இங்கே அவளுக்குக் கூடுவது என்ன என்று கேட்டால், தனக்குத் தெரிந்ததைத் திரும்பிப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. தகப்பன் நீ, தாய் அவள்.

இவ்வளவும் எழுதிச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று மட்டும் சொன்னாள்: "அந்த மாத்தயா சொன்னத வச்சுத்தானே அவன் முடிவெடுப்பான்? அதுல ஒரு பச்சப்புள்ளயோட படிப்பு இருக்கு." அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

மகன், அந்த மனிதர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வட்டகொடைப் பக்கம் ரோடு எப்படி என்று கேட்டார், நன்றி சொன்னார், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். அந்த வார்த்தைகள் முழுவதும் என்னுடையவை. ஜீப் போன பிறகு அந்த மேட்டில் குடையோடு நின்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டவை. பெரிய இடத்து ஆள் சொன்னதாக நினைத்துக்கொண்டு வராதே. ஐந்தாம் வகுப்புப் பாதியில் நின்ற உன் சித்தப்பன் சொல்கிறான், அதற்கு எவ்வளவு எடை உண்டோ அவ்வளவு மட்டும் வைத்துப் பார்த்து முடிவெடு.